பத்துமலையிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை: ஒரே தண்டவாளத்தில் ஒரு குடும்ப உலா

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் தலைநகர் கோலாலம்பூரின் முகமே மாறிவிடுகிறது. கெடா, பேராக், ஜொகூர், பகாங் என நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் பேருந்திலும் காரிலும் ரயிலிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்கின்றனர். பால்குடம் எடுப்போர், காவடி ஏந்துவோர், முடிக் காணிக்கை செலுத்துவோர், அவர்களுக்குத் துணையாக வரும் உற்றார் உறவினர் என்று பத்துமலை அடிவாரம் மனிதக் கடலாகிவிடுகிறது. நேர்த்திக்கடன் இனிதே நிறைவேறியதும் பிள்ளைகளிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி எழுகிறது: "அப்பா, அடுத்து எங்கே போகிறோம்?"

பெரும்பாலான பெற்றோர் இக்கேள்விக்குப் பேரங்காடி என்றே விடை தருகின்றனர். குளிர்சாதன வசதி, விளையாட்டு இயந்திரங்கள், விரைவு உணவு ஆகிய யாவும் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. பிள்ளைகள் மாடிமாடியாக ஏறி இறங்கி மகிழ்கின்றனர். வாங்கிய பொருள்களும் வழிப்பயணப் பைகளும் கீழ்த்தளத்து நாற்காலி ஒன்றில் வைக்கப்படுகின்றன. அவற்றுக்குக் காவலாகப் பாட்டி அமர்த்தப்படுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் திரும்பி வருகின்றனர். பாட்டி எழுந்து பையைத் தூக்குகிறார். கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்தாயிற்று என்று குடும்பம் ஊர் திரும்புகிறது.

இதனைக் குறை கூற வேண்டியதில்லை. எனினும் அந்தப் பேரங்காடி நிற்கும் மண்ணைப் பற்றியும், அதனைச் சுற்றிய நகரத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரிடம் நிறைய உண்டு. அவரைக் கேட்பார்தாம் இல்லை. இவ்வாண்டு திருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் ஊர் திரும்புமுன் ஒரு நாளை ஒதுக்கி, தாத்தா பாட்டியரையும் உடன் அழைத்துக்கொண்டு தலைநகரை வலம் வந்தால் என்ன? அதற்குப் பெரும் செலவும் தேவையில்லை. பத்துமலையையும் கே.எல். சென்ட்ரலையும் இணைக்கும் கொமுட்டர் ரயில் ஒன்றே அக்குடும்பத்தைப் பல அரிய இடங்களின் வாசலில் இறக்கிவிடும்.

பத்துமலை: உலாவின் தொடக்கம்

பத்துமலை வழிபாட்டுத் தலம் மட்டுமன்று. நாட்டின் புகழ்பெற்ற இயற்கைக் காட்சிகளுள் ஒன்றுமாகும். இங்குள்ள சுண்ணாம்புப் பாறைகள் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தவை எனப் புவியியல் அறிஞர்கள் கூறுவர். இக்குகையில் வேலை நிறுவி வழிபாட்டைத் தொடங்கி வைத்த பெருமை, 1873-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளை அவர்களையே சாரும். 1892-ஆம் ஆண்டு முதல் இங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

குகைக்குச் செல்லும் 272 படிகளை எண்ணிக்கொண்டே ஏறும்படி பிள்ளைகளுக்குச் சொல்லலாம். எண்ணி முடிக்குமுன் களைப்பு மறந்துவிடும். 1920-ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் 1940-ஆம் ஆண்டில் கான்கிரீட் படிகள் வந்தன. 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் திருவுருவச் சிலை 2006-ஆம் ஆண்டு சனவரியில் திறப்பு விழா கண்டது. படிகள் வண்ணக் கோலம் பூண்டது 2018-ஆம் ஆண்டில்தான். ஆகவே இன்றைய சிறுவர் காணும் பத்துமலை வேறு. அவர்தம் பாட்டி சிறுமியாக வந்து கண்ட பத்துமலை வேறு. சிலையும் இல்லாத, வண்ணமும் இல்லாத அந்த மலைக்குத் தோட்டத்து லோரியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த கதையைப் பாட்டி சொல்லத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறேது?

திருவிழா நாளன்று நெரிசல் மிகுந்திருக்கும். சுற்றிப் பார்ப்பதற்கென்று வருவோர் விழா ஓய்ந்த பின்னர், காலை வெயில் ஏறுமுன் வந்துவிடுவது நலம். குரங்குகள் கையிலுள்ள பைகளையும் தின்பண்டங்களையும் பறித்துச் செல்லும். சிறுவரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் படியேறத் தேவையில்லை. அடிவாரத்திலும் ஆலயங்கள் உள்ளன.

செந்தூல்: சன்னல் வழியே ஒரு வரலாறு

2010-ஆம் ஆண்டில் கொமுட்டர் ரயில் பத்துமலை அடிவாரத்திற்கே வந்து சேர்ந்தது. அந்த நிலையத்தில் ஏறி அமர்ந்தால் சற்று நேரத்தில் செந்தூல் வரும். அங்கு இறங்காவிட்டாலும் பிள்ளைகளைச் சன்னல் பக்கம் அமர்த்த வேண்டும். மலாயா ரயில்வேயின் மத்திய பணிமனை ஒரு காலத்தில் இங்குதான் இயங்கியது. நீராவி இயந்திரங்கள் பழுது பார்க்கப்பட்டதும், பெட்டிகள் செப்பனிடப்பட்டதும் இங்கேதான். இப்பணிமனையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டமான 1945-இல் நேசநாட்டு விமானங்கள் இதன்மீது குண்டு பொழிந்தன. பழைய பணிமனைக் கட்டடம் ஒன்று புதுப்பிக்கப்பட்டு 2005-ஆம் ஆண்டு முதல் நாடகக் கலை மன்றமாக விளங்கி வருகிறது.

"எங்கள் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தார்" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் அவர் பார்த்தது என்ன வேலை, எந்த நிலையத்தில், எத்தனை ஆண்டுகள் என்று கேட்டால் இளையோர் பலருக்கு விடை தெரிவதில்லை. செந்தூலைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் இக்கேள்விகளைக் கேட்பதற்கு உகந்தவை.

பழைய ரயில் நிலையமும் சுதந்திரச் சதுக்கமும்

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். வெண்ணிறக் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட இந்நிலையம் 1910-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக். நகரின் இரு ஆறுகள் கூடுமிடத்தில் 1909-ஆம் ஆண்டில் எழுந்த ஜாமே பள்ளிவாசலும் அவர் வடித்ததே. 2001-ஆம் ஆண்டில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் தொலைதூர ரயில்கள் அங்கு மாறின. கொமுட்டர் ரயில்கள் இந்நிலையத்தில் இன்றும் நின்று செல்கின்றன.

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கித் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர்க்கு இந்நாட்டின் ரயில் பாதைகளே வழித்துணையாயின. அப்பாதைகளை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் வியர்வை சிந்தியவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளர் பலர். இதே பாதைகள் துயரத்தையும் சுமந்தன. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம் - பர்மா மரண ரயில் பாதை அமைப்பதற்காக மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ரயிலேற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பி வராதோர் மிகப் பலர். அந்தப் பயணத்தைக் கண்ணால் கண்டோர் இன்று அரிதினும் அரிதாகிவிட்டனர். தம் பெற்றோர் சொல்லக் கேட்டவர்களே இப்போது பாட்டியராகவும் தாத்தாக்களாகவும் நம்மிடையே உள்ளனர்.

நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் ஐந்து நிலை இராசகோபுரத்துடன் காட்சியளிக்கிறது. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் பத்துமலை நோக்கிப் புறப்படுவது இவ்வாலயத்திலிருந்துதான். அருகிலேயே உள்ள சென்ட்ரல் மார்க்கெட் 1888-ஆம் ஆண்டில் காய்கறி, இறைச்சிச் சந்தையாகத் தொடங்கி இப்போது கைவினைப் பொருள் அங்காடியாகத் திகழ்கிறது.

அங்கிருந்து சற்று நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது இத்திடலில்தான். எதிரே 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் மாளிகை தன் மணிக்கூண்டுடன் நிமிர்ந்து நிற்கிறது. பாடநூலில் சிறு படமாகப் பார்த்ததைப் பிள்ளைகள் இங்கே முழு உருவில் காண்கின்றனர். கட்டணம் ஏதுமின்றி ஓடியாட இங்கே பச்சைப் புல்வெளியும் உண்டு. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒன்றாகக் கூடி விடியலை வரவேற்ற இடம் இது என்பதைப் பெற்றோர் அங்கேயே அமர்ந்து எடுத்துரைக்கலாம்.

அரும்பொருளகமும் ஏரிப் பூங்காவும்

மீண்டும் ரயிலேறினால் அடுத்த நிறுத்தம் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து நடைபாதை வழியாகவே தேசிய அரும்பொருளகத்தை அடையலாம். முன்பு இவ்விடத்தில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தின் ஒரு பகுதி, ரயில் கொட்டடியைக் குறிவைத்து 1945-இல் வீசப்பட்ட குண்டுகளால் தவறுதலாக அழிந்தது. சுதந்திர நாட்டின் புதிய அரும்பொருளகம் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-இல் திறக்கப்பட்டது.

இதன் நான்கு கூடங்கள் தொல்பழங்காலம் தொடங்கி இன்றைய மலேசியா வரை நம்மை அழைத்துச் செல்கின்றன. நம்மவர் கடாரம் என்றழைத்த கெடாவுக்கும் தமிழகத்துக்கும் இருந்த தொடர்பு பழமையானது. 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை அங்கு வந்ததை வரலாறு கூறும். பழங்காலக் கூடத்தில் நிற்கும்போது இதனைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம். காலனி ஆட்சிக் காலக் கூடத்தில் ஈயமும் ரப்பரும் இந்நாட்டின் செல்வமான கதை பேசப்படுகிறது. அங்கே பாட்டியைப் பேசவிட வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, காண்டாவில் பால் வாளிகளைச் சுமந்தது, மழை வந்தால் மங்கில் சேர்ந்த பால் வீணாகிக் கூலி குறைந்தது ஆகியவற்றை எந்த விளக்கப் பலகையாலும் அவரைப்போல் சொல்ல இயலாது.

அரும்பொருளகத்துக்குப் பின்புறம் விரிந்து கிடக்கிறது ஏரிப் பூங்கா. 1888-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இது, பெர்டானா தாவரவியல் பூங்கா என்ற பெயரில் இப்போது வழங்குகிறது. நகரின் நடுவே நிழல் மரங்கள், ஏரி, சிறுவர் விளையாட்டுத் திடல் என்று ஒரு பிற்பகலை இங்கே இனிதாகக் கழிக்கலாம். அருகிலுள்ள கோலாலம்பூர் பறவைப் பூங்கா 1991-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 21 ஏக்கர் பரப்பில் வலைக்கூரையின் கீழ்ப் பறவைகள் தடையின்றிப் பறந்து திரிவதைப் பார்த்துச் சிறுவர் துள்ளிக் குதிப்பர். வானியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு 1994-இல் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கமும் அண்மையில்தான் உள்ளது.

பிரிக்பீல்ட்ஸ்: செங்கல் சொல்லும் கதை

கே.எல். சென்ட்ரலின் மறுபுறம் பிரிக்பீல்ட்ஸ். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர் உத்தரவிட்டனர். அதற்கான செங்கற்சூளைகள் இப்பகுதியில் எழுந்தமையால் இப்பெயர் வந்தது. பின்னாளில் ரயில்வே ஊழியரின் குடியிருப்புகள் பெருகித் தமிழர் செறிந்து வாழும் வட்டாரமாயிற்று.

2010-ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா எனப் பெயர் சூட்டப்பெற்ற இவ்வீதிகளில் மல்லிகைச் சரம், சேலை, பாத்திரம், பலகாரம் எதற்கும் குறைவில்லை. சாஞ்சி தூபியின் வாயிலை நினைவூட்டும் தோரண வாயில் 2015-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது; இது இந்திய அரசின் அன்பளிப்பு. நடந்து களைத்த குடும்பம் வாழையிலை விரித்துப் பசியாறுவதற்கு இதைவிட உகந்த இடம் தலைநகரில் இல்லை எனலாம்.

இங்குள்ள முதன்மைச் சாலையின் பெயர்ப் பலகையைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். ஜாலான் துன் சம்பந்தன். மலாயா சுதந்திரம் பெற்ற காலத்தில் ம.இ.கா.வின் தலைவராக விளங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வரும் நிலை ஏற்பட்டபோது, அவர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தில் பங்கு வாங்கிய குடும்பம் தங்களுடையது என்பதைப் பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் முதன்முறையாகக் கேட்டறியவும் கூடும்.

வானளாவிய கோபுரங்கள்

பிள்ளைகளின் விருப்பத்தையும் மறந்துவிடலாகாது. கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் நேரே கே.எல்.சி.சி. நிலையம். 452 மீட்டர் உயரமும் 88 மாடிகளும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 1998 முதல் 2004 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாகத் திகழ்ந்தது. 41, 42-ஆம் மாடிகளில் இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்தைக் காண விரும்புவோர் நுழைவுச் சீட்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நன்று. அறிவியல் ஆர்வத்தைத் தூண்டும் பெட்ரோசயின்ஸ் கூடமும், தலைக்கு மேல் சுறாக்கள் நீந்தும் 90 மீட்டர் சுரங்க வழி கொண்ட அக்குவேரியா மீன் காட்சியகமும் இங்கேயே உள்ளன. இவற்றுக்குக் கட்டணம் உண்டு. கோபுரங்களின் நிழலிலுள்ள பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அங்கே சிறுவருக்கான விளையாட்டுத் திடலும் கால் நனைத்து விளையாடும் குளமும் உள்ளன. இன்னொரு நாள் கையிருப்பில் இருந்தால் 1963-ஆம் ஆண்டு தொட்டு உலு கிள்ளானில் இயங்கி வரும் தேசிய மிருகக்காட்சி சாலைக்கும் சென்று வரலாம்.

இப்புதுமைகளுக்கு நடுவிலும் பழமை மறைந்தே கிடக்கிறது. இரட்டைக் கோபுரம் எழுந்த இடம் முன்னர்க் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. செல்வர் வாழும் பங்சாரின் பெயரே, அங்கு ரப்பர்த் தோட்டம் நடத்திய பூஞ்சே, கிரிசார் என்ற இரு ஐரோப்பியரின் பெயர்களிலிருந்து உருவானதாகும். சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா எப்பிங்காம் தோட்டம். 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த புக்கிட் ஜாலில் அரங்க வட்டாரமும் ரப்பர் மரங்கள் நின்ற பூமியே. பிள்ளைகள் பெரிதும் விரும்பும் சன்வே லகூன் நீர் விளையாட்டுப் பூங்கா, கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் உருவானது. பேரங்காடிகள் சில நிற்பதும் இத்தகைய மண்ணின்மேல்தான்.

கவனிக்க வேண்டியவை

இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவது அறிவுடைமையாகாது. குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும். காலையில் பத்துமலையும் சதுக்கமும்; நண்பகல் வெயிலில் அரும்பொருளகம்; மாலையில் பூங்காவோ கோபுரமோ என்று வகுத்துக்கொள்ளலாம். குடிநீர், குடை, தொப்பி ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பிற்பகலில் திடீர் மழை தலைநகரின் வழக்கம். சிறுவரின் சட்டைப் பையில் பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை வைத்துவிடுதல் நலம். கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் எங்கே காத்திருக்க வேண்டும் என்பதையும் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். முதியோர்க்கு அடிக்கடி அமர்ந்து இளைப்பாற வாய்ப்பளிக்க வேண்டும்; அவர்களின் நடைக்கேற்பவே குடும்பம் நடக்கட்டும்.

இன்னொன்றும் தேவை. உடன் செல்லும் பிள்ளை ஒருவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தாத்தா பாட்டி சொல்வதை எழுதிக்கொள்ளச் சொல்லலாம். கைத்தொலைபேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யலாம். பிறந்த தோட்டத்தின் பெயர், படித்த தமிழ்ப்பள்ளி, முதன்முதலில் வாங்கிய சம்பளம், பத்துமலைக்கு வந்த முதல் தைப்பூசம் ஆகிய இந்நான்கை மட்டும் கேட்டு எழுதினாலே போதும். நாளை யாரைக் கேட்டும் பெற முடியாத செல்வம் அது.

நாற்காலியிலிருந்து எழுந்த பாட்டி

எண்ணிப் பாருங்கள். எல்.ஆர்.டி. ரயில் பங்சார் நிலையத்தைக் கடந்து செல்கிறது. சன்னலோரம் அமர்ந்த பேரன் வெளியே தெரியும் உயர்ந்த மாடிகளை எண்ணுகிறான். பக்கத்தில் பாட்டி. "இங்கெல்லாம் முன்பு ரப்பர் மரம்தான் ஐயா" என்கிறார். "உங்களுக்கு எப்படித் தெரியும், பாட்டி?" என்று அவன் திரும்புகிறான். அவன் கண் சன்னலை விட்டு அவர் முகத்துக்கு வருகிறது. மடியில் பையில்லை, அதனை இப்போது மகன் சுமக்கிறார். பாட்டி தம் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார். அப்பெயரைப் பேரன் அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த நிலையம் வருவதற்குள் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டுவிடுகிறான்.

தலைநகரைச் சுற்றிக் காட்டுவதற்கு வழிகாட்டிகள் பலர் கிடைப்பர், கையேடுகளும் கிடைக்கும். ஆனால் அக்குடும்பத்துக்கென்றே அமைந்த வழிகாட்டி அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார். இவ்வாண்டு தைப்பூசத்துக்கு வருவோர் அவரைப் பைகளுக்குக் காவலாக விட்டுச் செல்லாது, கைப்பிடித்து முன்னே அழைத்துச் செல்வாராக. வேலவன் அருளால் அனைவரின் பயணமும் இனிதே அமையட்டும்.